யால, குமண: சஃபாரியும் கடலும் ஒரே பயணத்தில் சரிவருமா?

மல்லிகைப்பந்தல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். ஜூலை கடைசியில் குடும்பத்தோடு இலங்கை வருகிறோம். நான், கணவர், ஏழாவது படிக்கும் மகன், இரண்டாவது படிக்கும் மகள், கூடவே என் மாமியார். அவருக்கு முழங்கால் வலி உண்டு, ஆனால் மனசு உறுதியானவர்.

பிள்ளைகளுக்குக் காட்டு மிருகங்களைப் பார்க்க வேண்டும், கடலில் குளிக்கவும் வேண்டும். மாமியாருக்குக் கதிர்காமம் போகாமல் திரும்பக் கூடாது. யால தேசிய பூங்கா கடலோரத்திலேயே இருக்கிறதாம். காலையில் சிறுத்தை, மதியம் பூங்காவுக்குள்ளேயே கடற்கரை என்று ஒரு விளம்பரத்தில் பார்த்தேன். இது நிஜமா? உள்ளே பிள்ளைகள் கடலில் இறங்கலாமா? வயதானவர் ஜீப்பில் தாங்குவாரா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தென்கரையான் எழுதியது:

அக்கா, நான் யாலவுக்குக் கிட்ட உள்ள திஸ்ஸமகாராமைப் பக்கம் வேலை செய்பவன். முதலில் அந்த விளம்பரத்தைத் தள்ளி வையுங்கள். யாலவுக்குள் கடல் இருப்பது உண்மை. குளிக்கலாம் என்பது பொய்.

பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் ஜீப்பை விட்டு இறங்க முடியாது. கடற்கரையில் இறங்க விடுவது பட்டனங்கல என்ற இடத்தில்தான். அங்கே ஒரு பெரிய பாறை, நீளமான மணல்கரை, சுனாமி நினைவுச் சின்னம். கை கால் நீட்டிக் கொஞ்ச நேரம் நிற்கலாம், பிள்ளைகள் மணலில் ஓடலாம். தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். ஜூலையில் தென்மேற்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கும். அலை ஆளைத் தூக்கி இழுத்துக்கொண்டு போய்விடும். காப்பாற்ற அங்கே யாரும் நிற்பதில்லை.

மற்றபடி ஜூலை நல்ல மாதம்தான். மழை இல்லை, குளங்கள் வற்றிக்கொண்டு வரும், மிருகங்கள் மிஞ்சிய தண்ணீரைத் தேடி வரும். செப்டம்பர் ஆரம்பத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை, பூங்காவின் ஐந்து வலயங்களில் அதிகம் பேர் போகும் முதலாம் வலயத்தை வறட்சிக்காக மூடுவது வழக்கம். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

மாமியார் விஷயம்: ஜீப்பில் ஏறும் படி உயரம். ஏறிவிட்டால், பின்வரிசையில் மட்டும் உட்கார வைக்காதீர்கள், குலுக்கல் முழுதும் அங்கேதான் விழும். சாரதிக்குப் பின்னால் உள்ள முதல் வரிசை நல்லது. முதுகுக்கு ஒரு தலையணை, புழுதிக்கு ஒரு சால்வை. காலை 6 மணிக்கு வாசல் திறக்கும். அரைநாள் போதும், முழுநாள் வேண்டாம். வாசலிலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு உள்ளே போங்கள்.

---

மட்டுநகர் மைந்தன் எழுதியது:

தென்கரையான் தம்பி சொல்வது அத்தனையும் சரி. ஆனால் நான் கேட்பது இதுதான்: பிள்ளைகளுக்குக் கடலும் காடும் வேண்டுமென்றால் ஏன் எல்லோரும் யாலவையே சொல்கிறோம்? குமண இருக்கிறதே!

யாலவுக்கு வடகிழக்கே, கும்புக்கன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பதுதான் குமண. முன்னர் கிழக்கு யால என்றுதான் பெயர். யுத்த காலத்தில் 1985 முதல் 2003 வரை மூடியே கிடந்தது. வாசல் உகந்தையில், முருகன் கோயிலுக்குப் பக்கத்திலேயே. அறுகம்குடாவில் தங்கினால் பாணமை வழியாக ஒரு மணித்தியாலத்துக்குள் வாசலுக்கு வந்துவிடலாம். பாணமை தாண்டினால் கிரவல் பாதை, இருபக்கமும் வில்லும் (சதுப்பு நீர்நிலை) வெளியும். வாசலுக்கு வருமுன்னரே யானை பார்த்துவிடுகிறவர்கள் பலர்.

விடியற்காலை குமணவில் சஃபாரி. வெயில் ஏறும்போது அறுகம்குடாவுக்குத் திரும்பி வந்து குளிப்பு. ஜூலையில் எங்கள் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும், தெற்குக் கரைதான் கொந்தளிக்கும். தென்முனைப் பக்கம் அலைச்சறுக்குக்காரர்களுக்கு. பிள்ளைகளைக் குடாவின் உள்பக்கமாக, அலை தாழ்ந்து வரும் இடத்தில் இறக்குங்கள். அங்கும் உள்ளூர் ஆளிடம் கேட்டுவிட்டுத்தான்.

காட்டுக்குள் கடலைத் தேடாதீர்கள் அக்கா. காட்டைக் காலையில் பாருங்கள், கடலுக்கு வெளியே வாருங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஊர் அறுகம்குடா.

---

சாலையோரப் பயணி எழுதியது:

நான் கோயம்புத்தூர். குமண அமைதியாக இருக்கும் என்பது சரி, ஆனால் சிறுத்தை பார்க்கும் வாய்ப்பு யாலவின் முதலாம் வலயத்தில்தான் அதிகம். உலகத்திலேயே சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் அது ஒன்று. சுமார் 140 சதுர கிலோமீட்டர் பரப்பு. நம் ஊர்க் காடுகளில் சிறுத்தை பகலில் வெளியே வருவது அபூர்வம், ஏனென்றால் அதற்கு மேலே புலி இருக்கிறது. இலங்கையில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. காட்டில் சிறுத்தைதான் ராஜா. அதனால் பட்டப்பகலில் பாறை மேல் படுத்துக் கிடக்கும், நடு ரோட்டில் நடந்து போகும்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறி வருகிறவர்களுக்கு இது வாழ்க்கையில் ஒரு முறை. அந்த வாய்ப்பை விடச் சொல்லாதீர்கள் என்பதுதான் என் கருத்து.

---

கூழைக்கடா எழுதியது:

சாலையோரப் பயணி, சிறுத்தை பார்க்கும் ஆசை தவறே இல்லை. எனக்கும் உண்டு. அந்த ஆசை முதலாம் வலயத்தில் என்ன செய்கிறது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு சாரதி சிறுத்தையைக் காண்கிறார். போன் போகிறது. பத்து நிமிடத்தில் அந்த ஒற்றைத் தடத்தில் ஜீப்புகள் முட்டி மோதி நிற்கும். முன்னால் இருப்பவர் நகர மாட்டார், பின்னால் இருப்பவர் காட்டுக்குள் சக்கரத்தை ஏற்றுவார். டீசல் புகை, சத்தம். சிறுத்தை எழுந்து புதருக்குள் போய்விடும். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் இது அன்றாடம். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் "அங்கே இருக்கிறதாம்" என்று போன் வந்தவுடன் அது காற்றில் பறக்கும். வேகமாகப் போகும் ஜீப்புகளில் அடிபட்டு மிருகங்கள் செத்திருக்கின்றன. இதைப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன்.

யால போகிறவர்கள் ஜீப் பேசும்போதே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "சிறுத்தை கிடைக்காவிட்டால் பரவாயில்லை, ஓட வேண்டாம், குளக்கரையில் நிறுத்துங்கள்." சாரதிக்கும் அது பெரிய நிம்மதி. விருந்தினர் முகம் சுளிப்பார்களே என்ற பயத்தில்தான் அவர்களில் பலர் விரட்டுகிறார்கள்.

குளக்கரையில் ஒரு மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். முதலை வாயைத் திறந்தபடி கரையில் கிடக்கும், அதன் வாலுக்கு எட்டாத தூரத்தை அளந்து வைத்தது மாதிரி புள்ளிமான்கள் வரிசையாகத் தண்ணீர் குடிக்கும். முன்னங்காலை ஊன்றிக் குனிந்து, ஒரு வாய் குடித்து, உடனே தலையைத் தூக்கிப் பார்க்கும். ஒன்று தலை தூக்கும்போது அடுத்தது குனியும். எருமைகள் மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் சேற்றில் மூக்கு வரை அமிழ்ந்திருக்கும். மஞ்சள் மூக்கு நாரை அலகைத் தண்ணீருக்குள் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு காலால் சேற்றைக் கலக்கும். மீன் தொட்டவுடன் அலகு மூடிவிடும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைக் காட்டினால் வாழ்நாளுக்கும் மறக்காது.

---

சாலையோரப் பயணி எழுதியது:

ஜீப் நெரிசல் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தீர்வு யாலவை ஒதுக்குவதா? மற்ற வலயங்களும் இருக்கின்றனவே. பூங்கா மொத்தம் 979 சதுர கிலோமீட்டர், ஐந்து வலயங்கள். கூட்டம் எல்லாம் பலட்டுபான வாசலில்தான். கட்டகமுவ வாசல் வழியாகப் போகலாம், கல்கே வாசல் வழியாக ஐந்தாம் வலயத்துக்குப் போகலாம்.

---

தென்கரையான் எழுதியது:

உண்மை. கல்கே பக்கம் ஜீப் குறைவு, காடு அடர்த்தி, மரநிழல் உண்டு. ஆனால் அங்கே கடல் கிடையாது. பட்டனங்கல பார்க்க வேண்டுமென்றால் முதலாம் வலயம்தான். கட்டகமுவ வாசலும் முதலாம் வலயத்துக்குள்தான் விடும். கதிர்காமத்தில் தங்குகிறவர்களுக்கு அது கிட்ட.

ஒரு சிறு சேதி: மே முதல் ஜூலை வரை பாலைப்பழ காலம். பாலை மரத்தில் பழம் மஞ்சளாகத் தொங்கும்போது கரடி பகலிலேயே மரம் ஏறிவிடும். கிளையை வளைத்து, பழத்தை உறிஞ்சித் தின்னும் சத்தம் ஜீப்பில் இருந்தாலே கேட்கும். ஜூலை கடைசி என்றால் பழம் முடியும் தறுவாய். கரடி அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். சிறுத்தையை விடக் கரடி காண்பது கடினம் என்று நான் எப்போதும் சொல்வேன்.

---

மல்லிகைப்பந்தல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடலில் இறங்க முடியாது என்பது தெளிவாகிவிட்டது. இன்னொரு கேள்வி. சுனாமி நினைவுச் சின்னம் என்றீர்கள். பிள்ளைகள் கேட்பார்கள், என்ன சொல்வது? சுனாமி வருமுன்னே மிருகங்களுக்குத் தெரிந்துவிட்டது, அவை எல்லாம் உள்ளே ஓடிவிட்டன என்று ஒரு கதை உண்டே, அது யாலவில் நடந்ததுதானா?

---

கூழைக்கடா எழுதியது:

கதை யாலவிலிருந்துதான் கிளம்பியது. 2004 டிசம்பர் 26 அன்று பட்டனங்கலவிலும் பூங்காவின் விளிம்பில் இருந்த விடுதியிலும் மனிதர்கள் பலர் இறந்தார்கள், வெளிநாட்டினரும் இலங்கையர்களும். மிருகங்களின் உடல்கள் அதிகம் கிடைக்கவில்லை. அதிலிருந்துதான் "அவற்றுக்குத் தெரிந்துவிட்டது" என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால் அந்த நேரத்தில் யாலவில் இரண்டு யானைகளின் கழுத்தில் செயற்கைக்கோள் பட்டை கட்டியிருந்தது. ஆராய்ச்சியாளர்கள் பிறகு அந்தப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அலை வருமுன்னே கடலை விட்டு ஓடியதற்கான தடயம் எதுவும் அவற்றில் இல்லை.

பிள்ளைகளுக்கு மணல்மேட்டைக் காட்டுங்கள். பட்டனங்கலவில் நின்று கரையின் நீளத்தைப் பார்த்தால் தெரியும். உயரமான மணல்மேடு செடி கொடியோடு உடையாமல் இருந்த இடங்களில் கடல் உள்ளே வரவில்லை. மேடு உடைந்து கிடந்த இடங்களிலும் ஆற்று முகத்துவாரங்களிலும்தான் தண்ணீர் காட்டுக்குள் பாய்ந்தது. அங்கே இருந்த பங்களாவின் அடித்தளம் இன்றும் நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மணல்மேட்டைச் சறுக்குமரம் ஆக்கிவிடாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் மேல் படர்ந்திருக்கும் அடப்பங்கொடிதான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது.

பயமுறுத்தாமல் இதையெல்லாம் சொல்லலாம். பெரியவனுக்கு நிச்சயம் புரியும்.

---

உகந்தை அடியான் எழுதியது:

முருகா! மாமியார் கதிர்காமம் கேட்கிறார் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் ஜீப்பில் சுற்றப்போகும் இந்தக் காடு எங்களுக்கு நடைபாதை. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்தும், மட்டக்களப்பு, திருக்கோவில் பக்கமிருந்தும் அடியார்கள் கால்நடையாக வந்து உகந்தையில் கூடுவார்கள். கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிக் காட்டுப்பாதையைத் திறந்துவிடுவார்கள். குமண வழியாகக் கும்புக்கன் ஆறு, அதைக் கடந்து நாவலடி, வியாழை, கட்டகாமம் (கட்டகமுவ), அப்புறம் மாணிக்க கங்கை. வயதான அம்மாக்கள் தலையில் மூட்டையோடு, "அரோகரா" சொல்லிக்கொண்டு இந்தப் பாதையில் நடப்பார்கள். யானை எதிரே வந்தால் "கணபதி" என்று சொல்லி ஒதுங்கி நிற்போம். சிறுத்தையின் தடம் மணலில் பதிந்திருக்கும், அதற்குப் பக்கத்திலேயே எங்கள் கால்தடமும். தண்ணீர் கிடைப்பதுதான் அங்கே பெரும் பாடு. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, வடிகட்டிக் குடித்து நடப்போம்.

உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள் அம்மா. சஃபாரி என்றால் பிள்ளைகளுக்கான வேடிக்கை என்று அவர் நினைத்திருக்கக்கூடும். முருகனடியார் நடந்த காடு என்று தெரிந்தால் அவரும் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டு வருவார்.

நீங்கள் வரும்போது அந்த வருடத்துக் காட்டுப்பாதை பெரும்பாலும் மூடியிருக்கும். ஆடிவேல் உற்சவம் எந்தத் தேதிகளில் வருகிறது என்று மட்டும் முதலில் பாருங்கள். உற்சவ நாள் என்றால் கதிர்காமத்தில் கால் வைக்க இடமிருக்காது, தங்க இடம் கிடைப்பதும் கஷ்டம். ஆனால் அந்தப் பெரஹராவை, அதாவது உற்சவ ஊர்வலத்தை, பார்ப்பது பெரும் பாக்கியம். மாமியாரின் முழங்காலை வைத்து நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். கதிர்காமத்தை ஒட்டிய கதிரமலை ஏறுவதற்கு வாடகை ஜீப் உண்டு.

உகந்தைக் கோயிலையும் விடாதீர்கள். கோயிலுக்குப் பின்னால் குன்று, முன்னால் கடல். குமண வாசல் பக்கத்திலேயே இருப்பதால் காலையில் சஃபாரி முடித்து வந்து கும்பிடலாம்.

---

மல்லிகைப்பந்தல் எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். "அப்படின்னா அந்த உகந்தைக்கும் போகணும்" என்று சொல்லிவிட்டார். இப்போது குமண உறுதி. யாலவும் வேண்டும் என்று மகன் பிடிவாதம். இரண்டையும் எப்படி இணைப்பது?

---

மட்டுநகர் மைந்தன் எழுதியது:

இணைக்கலாம் அக்கா, அவசரப்படாமல் செய்தால். கொழும்பிலிருந்து தெற்கு அதிவேகப் பாதை இப்போது அம்பாந்தோட்டை வரை இருக்கிறது, திஸ்ஸமகாராமைக்கு அன்றைக்கே வந்துவிடலாம். அங்கே தங்கி மறுநாள் விடிய யால. மதியம் ஓய்வு. மாலைப் பூசைக்குக் கதிர்காமம், அரை மணித்தியாலப் பயணம்தான். அடுத்த நாள் கதிர்காமத்திலிருந்து புத்தல, மொனராகலை வழியாகப் பொத்துவில், அறுகம்குடா. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் தங்குங்கள், அப்போதுதான் பிள்ளைகள் கடலில் ஆசை தீரக் குளிப்பார்கள். ஒரு காலை மட்டும் குமணவுக்கும் உகந்தைக்கும்.

கதிர்காமம்–புத்தல பாதையில் ஒரு கவனம். காட்டு யானைகள் வீதியில் நின்று வாகனத்தை மறிக்கும். பழம் கொடுத்துக் கொடுத்து மனிதர்கள் பழக்கிவிட்ட யானைகள் அவை. கண்ணாடியை ஏற்றி விடுங்கள், சாப்பாட்டுப் பொருளை வெளியே தெரிய வைக்காதீர்கள், எதையும் கொடுக்காதீர்கள். தும்பிக்கை ஜன்னலுக்குள் வந்துவிட்டால் அப்புறம் யானை கேட்டதுதான் கணக்கு. பகல் வெளிச்சத்தில் அந்தப் பாதையைக் கடந்துவிடுங்கள்.

---

சாலையோரப் பயணி எழுதியது:

இந்தத் திட்டம் எனக்கும் பிடித்திருக்கிறது. யாலவில் ஒரு காலை, குமணவில் ஒரு காலை என்றால் மகனுக்கும் குறை இருக்காது. சிறுத்தை குமணவிலும் உண்டு, அங்கே கண்டால் சுற்றி ஜீப் கூட்டம் இருக்காது.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டவருக்கு நுழைவுச் சீட்டு தனி, சேவைக் கட்டணம் தனி, வரி தனி, ஜீப் வாடகை தனி. ஜீப் பேசும்போது எதெல்லாம் அடக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

---

கூழைக்கடா எழுதியது:

குமண பற்றி எதிர்பார்ப்பைக் கொஞ்சம் சரி செய்துகொள்ளுங்கள். குமண வில்லு என்ற கண்டல் சதுப்பு நிலம் பறவைகள் கூடு கட்டும் இடம். ஏப்ரல் தொடங்கிக் கூடு கட்டும் காலம் ஜூலை வாக்கில் முடிந்துவிடும். குளிர்காலத்து வலசைப் பறவைகள் செப்டம்பர், அக்டோபர் வாக்கில்தான் பெருமளவில் வரத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் நீங்கள் வருகிறீர்கள். ஆனாலும் கூழைக்கடா, கரண்டிவாயன், நாரைகள் இருக்கும். இருவாச்சி கத்துவது கேட்டால் சாரதியை எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள், அதன் சிறகடிப்பே தனியாகக் கேட்கும். பஞ்சுருட்டான்கள் கம்பி வேலியில் உட்கார்ந்திருக்கும், சின்னவளை எண்ணச் சொல்லுங்கள்.

பைனாகுலர் ஒன்று கட்டாயம். ஐந்து பேருக்கு ஒன்று என்றால் சண்டை வரும், பிள்ளைகளுக்கென்று சிறியதாக ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள். பொலித்தீன் பைகளை விட்டுவிட்டுத் துணிப்பையில் சாப்பாடு எடுத்துப் போங்கள்.

---

தென்கரையான் எழுதியது:

மல்லிகைப்பந்தல் அக்கா, விடியச் சஃபாரிக்கு நாலரைக்கே ஜீப் விடுதிக்கு வந்துவிடும். பிள்ளைகளை முதல் நாள் இரவு சீக்கிரம் படுக்க வையுங்கள். வார இறுதியையும் போயா தினத்தையும் (பௌர்ணமி விடுமுறை) தவிர்த்துவிடுங்கள், அந்த நாட்களில் சித்துள்பவ்வ பௌத்த விகாரைக்குப் போகும் உள்ளூர்ச் சனமும் சேர்ந்து பாதை நிறையும். பட்டனங்கலவில் எல்லா ஜீப்பும் காலை ஒன்பதரை, பத்துக்கு வந்து நிற்கும். அதற்கு முன்னரே போகச் சொல்லிச் சாரதியிடம் கதைத்து வையுங்கள். அந்த நேரத்தில் மணலில் இரவு நடந்த மிருகங்களின் தடங்கள் இன்னும் கலையாமல் இருக்கும், மகனுக்கு அதைக் காட்டலாம்.

தேதி முடிவானதும் இங்கே போடுங்கள். உற்சவ நாளோடு மோதுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.